நீர்யானை சிரிக்கும் இரண்டரை வினாடி

பிப்ரவரி 3, திங்கள்

நீர்யானை பாய்ந்துவிட்டது! காலையிலிருந்து பதினேழு முறை பாயவிட்டுப் பார்த்தாயிற்று, இன்னும் அலுக்கவில்லை. கை கால் ரப்பர் குழாய் மாதிரி நீள்கிறது, வயிறு மட்டும் ஒரு கணம் பின்தங்கி, அப்புறம் தொப்பென்று உடம்போடு வந்து சேர்கிறது. அந்த வயிற்றுக்காகத்தான் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். சும்மா சொல்லக் கூடாது, நான் கெட்டிக்காரிதான்.

எங்கள் ஆட்டத்துக்குப் பெயர் ‘கோலாகலம்’. கால்பந்துதான், ஆனால் ஆடுவதெல்லாம் மிருகங்கள். பழைய கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன் மாதிரி பொத்தான் கண், வெள்ளைக் கையுறை, எலும்பே இல்லாத கைகால். பந்துக்கும் முகம் உண்டு. உதைக்க வரும் காலைப் பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும். நான் வரைகிறேன், அக்கா அதைக் கணினியில் ஓடவைக்கிறாள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை, இரண்டு மேஜை, கிறீச்சிடும் ஒரு மின்விசிறி. இவ்வளவுதான் எங்கள் கம்பெனி.

மார்ச் நடுவில் கண்காட்சி. கேம் வெளியிடுகிறவர்கள் வருவார்கள். யாராவது எடுத்துக்கொண்டால் சரி. இல்லாவிட்டால் ஏப்ரல் ஒன்றாம் தேதி அக்கா பழைய இன்சூரன்ஸ் ஆபீசுக்கே திரும்புகிறாள். இன்றைக்கும் சொன்னாள்: “ஒரு வருஷம் பார்த்தாச்சு. மார்ச்சோட சரி. அப்புறம் அழுது அடம்பிடிக்காதே.” அவள் போய்விட்டால் என் நீர்யானை வெறும் காகிதம். போகவிட மாட்டேன்.

பிப்ரவரி 8, சனி

எதிராளி அடித்த பந்து கோலுக்குள் போகாவிட்டால், கோல் காக்கும் நீர்யானை அவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரிப்புக்குக் குரல் இல்லை. நானே சிரித்துப் பதிவு செய்தேன், யாருக்கோ புரையேறின மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது!

பந்து விழும் சத்தத்துக்காக மைக்கை வைத்துக்கொண்டு மேஜையில் ரப்பரைத் தட்டிக்கொண்டிருந்தேன். அக்கா போனில் அத்தானோடு பேசிக்கொண்டிருந்தாள். அவர் என்ன சொன்னாரோ, சிரித்துவிட்டாள். முதலில் சத்தமே இல்லை, மூச்சு மட்டும். அப்புறம் மூக்கால் காற்றை இழுத்து ஒரு ‘க்ர்ர்ர்’. கடைசியில் மூன்று வெடி. மொத்தம் இரண்டரை வினாடி. அப்படியே மைக்கில் விழுந்திருக்கிறது.

பழைய கார்ட்டூன்காரர்கள் பலர் சத்தத்தை முதலில் வைத்துக்கொண்டு, அதற்குத் தாளம் பிசகாமல் படம் போடுவார்கள். நானும் அப்படித்தான் போடுகிறேன். வினாடிக்குப் பன்னிரண்டு, இரண்டரை வினாடிக்கு முப்பது படம். பதினெட்டு முடிந்தது. அவளிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

தெரிந்துவிட்டது.

“யாருடி இது?”

“நீதான்.”

முகம் சுண்டிப்போனது. ஏழாம் வகுப்பில் இந்தச் சிரிப்புக்காகக் கணக்கு டீச்சர் அவளை வெளியே நிற்கவைத்தார். அந்த வருஷம் முழுக்க எல்லாரும் அவளைப் பன்னிக்குட்டி என்று கூப்பிட்டார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்தேன் — ஏன் இப்படிச் செய்தேன்? நல்லா இருந்துச்சு, அதனாலதான். வேற என்ன சொல்ல?

“கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா குடுத்திருப்பியா?”

“மாட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறமாம் அப்புறம்! வாயைப் பாரு.” சிரிப்பை இன்னொரு தரம் ஓடவிட்டுப் பார்த்தாள். “வேற சத்தம் கிடைக்கிற வரைக்கும் இருக்கட்டும். கிடைச்சதும் தூக்கிடுவேன்.”

வேறு சத்தம் நான் தேடப் போவதில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் கை அடங்காது.

கீழே ஜெராக்ஸ் கடைக்கார அம்மா மின்சார பில் கொடுக்க மேலே வந்தார். “என்னதான் பண்றீங்க ரெண்டு பேரும்?” என்றார். உட்காரவைத்துக் கையில் கட்டுப்பாட்டுக் கருவியைக் கொடுத்தேன். வாழ்நாளில் கேம் ஆடியதில்லை. அவர் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தது. உள்ளே போகவில்லை, ஆகவே நீர்யானை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தது. அது சிரித்து முடிப்பதற்குள் அந்த அம்மா பந்தை மெதுவாகத் தட்டிவிட்டார். கோல்!

“ஐயோ, போட்டுட்டேன்! சிரிக்கிறதைப் பாரு கழுதை, நல்லா சிரி!” என்று நாற்காலியிலேயே குதித்தார். கீழே வாடிக்கையாளர்கள் கத்திக் கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை. பதினோரு கோல். பதினொன்றும் அதே வழியில்.

அவர் போனதும் அக்கா, “இது பிழை” என்றாள். பிழைதான். சிரிப்பு பாதியில் நிற்கக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன், தாளம் கெடும் என்று. பந்து இன்னும் மைதானத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்க அவளும் மறந்திருக்கிறாள்.

“கோலி சிரிச்சிட்டிருக்கும்போது கோல் போட்டா அது ஆட்டமா? அழுகுணி ஆட்டம். பத்து நிமிஷத்துல சரி பண்ணிடறேன்.”

“தொடாதே. அந்தம்மா மூஞ்சியைப் பார்த்தியா நீ?”

“பார்த்தேன். ஏமாத்தி ஜெயிச்சா எல்லார் மூஞ்சியும் அப்படித்தான் இருக்கும்.”

மார்ச் 1, சனி

பேசிக்கொள்வதில்லை. ஐந்து நாள்.

மார்ச் 2, ஞாயிறு

சரி செய்துவிட்டாள். பந்து திரும்பி வந்தால் நீர்யானை ‘க்’ என்ற உடனே வாயை மூடிக்கொண்டு விறைப்பாக நிற்கிறது. என் முப்பது படத்தில் மூன்றுதான் தெரிகிறது. ஜெராக்ஸ் கடைக்கார அம்மாவைக் கூப்பிட்டு ஆடச் சொன்னோம். ஐந்து நிமிடம் ஆடினார். “நல்லாத்தாம்மா இருக்கு. கடையில வேலை கிடக்கு” என்று இறங்கிவிட்டார்.

அக்கா சொல்வது சரி. சரியாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் வயிறு எரிகிறது.

மார்ச் 13, வியாழன்

ஆட்டத்தைப் பென்டிரைவில் ஏற்றியாயிற்று. நாளைக்குக் கண்காட்சி.

மார்ச் 14, வெள்ளி

இன்றைக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும்.

கண்காட்சிக் கணினியில் ஆட்டத்தைப் போட்டுத் திறந்து வைத்தோம். முதலில் வந்தவன் அடித்த பந்து கம்பத்தில் பட்டது. நீர்யானை சிரித்தது. முழுசாக, இரண்டரை வினாடியும்! அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே —

சத்தியமா தெரியாது. சத்தியமா. அவள் திருத்தியதற்கு ‘இறுதி’ என்று பெயர் வைத்திருந்தாள். நான் போன மாதமே என்னுடையதற்கு ‘இதுதான் இறுதி’ என்று வைத்திருந்தேன். நேற்று அவசரத்தில் எது இறுதியோ அதை எடுத்தேன். திருத்தியது இருபது மைலுக்கு அப்பால் அறையில் கிடக்கிறது.

“வேணும்னேதானே பண்ணே?” என்று காதுக்குள் சீறினாள். அதற்குள் எங்களுக்குப் பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது. பதினொரு மணிக்கு ஆறு பேர், பன்னிரண்டுக்கு வரிசை தூணைச் சுற்றித் திரும்பிவிட்டது. வேண்டுமென்றே கம்பத்தைக் குறிபார்த்து அடிக்கிறார்கள். கம்பத்தில் பட்டதும் மொத்தக் கூட்டமும், “சிரி! சிரி! சிரி!” என்கிறது. எனக்கு அழுகையும் வருகிறது, ஆடவும் தோன்றுகிறது.

மூன்று மணிக்கு ஒரு நர்ஸ், யூனிஃபார்மோடு வந்தவர், ஒன்று கண்டுபிடித்தார். எதிரே ஆடியவன் கம்பத்தில் அடித்து, அவருடைய நீர்யானை சிரிக்கத் தொடங்கியதும், தன் அணியின் முயலைப் பின்னால் ஓடவிட்டுக் கோலை மறித்துக்கொண்டார். அவன் தட்டினான், முயல் பந்தைப் பிடுங்கியது. அதற்குப் பிறகு ஆட்டமே வேறாகிவிட்டது. கம்பத்தில் அடிப்பதா, நேராக அடிப்பதா, முயலை முன்னே விடுவதா, பின்னே நிறுத்துவதா என்று நின்றவர்களெல்லாம் யோசனை சொல்கிறார்கள்.

அக்கா அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். மாலை வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் கோபமான முகம் அது இல்லை. எனக்கா தெரியாது?

மார்ச் 15, சனி

திருத்தியதைக் காலையிலேயே வேறொரு பென்டிரைவில் எடுத்து வந்திருந்தாள். பையிலேயே இருந்தது. வெளியே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மதியம் கழுத்தில் அட்டை தொங்க ஒரு கேம் கம்பெனிக்காரர் வந்தார். வரிசையில் நின்றே வந்து, நாற்பது நிமிடம் ஆடி, ஒரு பள்ளிக்கூட டீச்சரிடம் தோற்றார். தோற்றவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்! எங்களை ஓரமாகக் கூப்பிட்டார்.

“ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணு. அந்தச் சிரிப்பு கொஞ்சம் கரடுமுரடா இருக்கு. நல்ல குரல் கலைஞரை வெச்சு, ஒரு வினாடிக்குள்ள அழகா எடுத்துடலாம்.”

போச்சு, ‘ஆமா சார்’ என்று சொல்லப் போகிறாள், இதைத்தானே இத்தனை நாளாய்க் கேட்டுக்கொண்டிருந்தாள் —

“இல்லங்க. அது மாறாது” என்றாள் அக்கா. “இரண்டரை வினாடி இருந்தாதான் முயல் திரும்பி ஓடிவர நேரம் இருக்கும். குறைச்சா ஆட்டம் செத்துடும்.”

“சரி, நீளம் இருக்கட்டும். குரலையாவது...”

“குரலும் மாறாது.”

“ஏங்க, யார் குரல் அது?”

“என்னோடது.”

யோசித்துச் சொல்கிறேன் என்று தன் முகவரி அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். பேருந்தில் வரும்போது கேட்டேன், காரியத்தைக் கெடுத்துக்கொண்டோமோ என்று. “கெட்டா கெடட்டும்” என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உதறவில்லை.

மார்ச் 24, திங்கள்

ஒன்றும் வரவில்லை.

மார்ச் 29, சனி

வரவில்லை. அக்கா ஆபீஸ் உடுப்பு இரண்டு ஜோடிக்கு இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறாள். சொன்ன சொல் மாறாதவள். அந்த ஆளைக் கண்டால் நாலு வார்த்தை கேட்பேன். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே! இப்படியா காக்க வைப்பாங்க?

ஏப்ரல் 1, செவ்வாய்

காலை ஒன்பதேகால். அக்கா பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் போடும் பழைய சட்டை, காலில் செருப்புகூட இல்லை.

நேற்று மதியம் அந்தக் கம்பெனிக்காரரிடமிருந்து வந்த ஒப்பந்தம் பதினான்கு பக்கம். சிரிப்பின் குரலும் நீளமும் இப்போது உள்ளபடியே இருக்க வேண்டும் என்று ஐந்தாம் பக்கத்தில் அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதை வாய்விட்டு நாலு முறை படித்தேன், ஜெராக்ஸ் கடைக்கார அம்மா என்னமோ ஏதோ என்று மேலே ஓடிவந்துவிட்டார்.

கடைசிப் பக்கத்தில், ஆட்டம் முடிந்ததும் திரையில் வர வேண்டிய பெயர்களை நாங்களே நிரப்பித் தர வேண்டும். அக்கா காலையிலேயே நிரப்பி வைத்திருக்கிறாள். படங்கள் என்பதற்கு நேரே என் பெயர். நிரல் என்பதற்கு நேரே அவள் பெயர். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்து, ‘நீர்யானையின் சிரிப்பு’ என்று போட்டு, பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் இருந்த மாதிரி இனிஷியலோடு தன் முழுப் பெயரும்.

“எழுத்துப் பிழை இருக்கான்னு பாருடி” என்று நீட்டினாள்.

கண் மங்கிப்போய் எனக்கு மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. ஒன்றும் இல்லை, அப்படியே அனுப்பு என்றேன்.