இத்தாவில் பதினொரு நாள்

2 நவம்பர் 1996, குடவாசல்
பாசித்திடமிருந்து கடிதம், மூன்று வாரம் பழசு. கம்பெனி பழைய சரக்குக் கப்பல்களை ஒவ்வொன்றாக விற்கிறதாம். இவர் வேலை பார்க்கும் கப்பல் இந்த மாதம் ஊர்ப்பக்கம் திரும்புகிறதாம், கட்டாயம் வருவாராம். போன வருஷமும் இதே கதைதான் அளந்தார்.

6 நவம்பர்
பம்பாய் கம்பெனி ஆபீஸிலிருந்து தந்தி. கப்பல் வங்கக் கடலில் மூழ்கிவிட்டது. ஒருவரும் மிஞ்சவில்லை. பட்டியலில் அவர் பெயர்.
எழுதத்தான் எழுதுகிறேன். நம்பவில்லை.

7 நவம்பர்
இத்தாவில் உட்கார வைத்துவிட்டார்கள். விதவை நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. உடலைக்கூடக் காணோமே— நான் எப்படி விதவை?

14 நவம்பர்
வேதாரண்யத்துக் காளியம்மாள் மூன்று நாளாகக் கூடவே இருக்கிறாள். அவள் புருஷன் வெற்றிச்செல்வன் இவருடைய சிநேகிதர். அதே கம்பெனி, வேறு கப்பல். கஞ்சி ஊட்டுகிறாள். "அழுதுடு ஃபஹ்மிதா, அழாம இருக்காத" என்கிறாள். உண்மையைச் சொன்னால், அவளைப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது. அவள் புருஷன்தான் பிழைத்துக் கிடக்கிறாரே.

15 நவம்பர்
ஊருக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

18 நவம்பர்
யூசுப் மாமா கடைக்குப் போன். நான் வெளியே போகக் கூடாதென்று மாமியார் போனார். தெருவிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்: "எம்புள்ள பேசுறான்டி!"
இத்தாவாவது ஒன்றாவது— செருப்பில்லாமல் ஓடினேன். அவரேதான்!
சிங்கப்பூரில் இரண்டு கப்பலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றனவாம். தங்கச்சி கல்யாணத்துக்கு ஊர் போகணும் என்று ஒரு சிநேகிதர் கெஞ்ச, கேப்டன்களும் சம்மதிக்க, இவர் கப்பலில் அவரும், ஆறு மாதம் கழித்தே ஊர் திரும்பும் அவர் கப்பலில் இவருமாக ஆள் மாறிக்கொண்டார்களாம். பம்பாயில் பட்டியலைத் திருத்தவில்லை.
"யாருங்க அது?"
"நம்ம செல்வன்தான்." அழுதுவிட்டார்.
யா அல்லாஹ். அவளுக்குத் தெரியாதே!

19 நவம்பர்
வேறு யார் சொல்லியும் அவள் கேட்கக் கூடாது. மாமியாரோடு முதல் பஸ்ஸில் வேதாரண்யம் போனேன். என்னை வாசலில் பார்த்ததும் பதறினாள்.
"இத்தாவுல இருக்கவ வெளிய வரலாமா?"
"அவரு உயிரோட இருக்காரு காளி." அதுதான் முதலில் வாயில் வந்தது.
கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சொன்னாள். சர்க்கரை கொண்டுவந்து என் வாயில் போட்டாள். மீதியை நான் எப்படிச் சொன்னேன்? தெரியவில்லை. சொன்னேன்.

3 மே 1997
பாசித் வந்துவிட்டார். காளியம்மாள் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: "அண்ணன வரச் சொல்லு. கடைசியா அவரு என்ன சொன்னாருன்னு கேக்கணும்."
நானும் கேட்டேன்.
"'ஆறு மாசம் நல்லா மாட்டிக்கிட்ட மாப்ள'ன்னு சிரிச்சுக்கிட்டே போனான்."
நாளை காலை வேதாரண்யம் போகிறோம்.