ஜாய் கொடுத்த பதினொரு மாதம்

12 டிசம்பர் 2024, வியாழன்

நோட்டிபிகேஷன் வந்துவிட்டது. பட்டதாரிகள் ராணுவத்தில் அதிகாரியாகச் சேர எழுதும் தேர்வு. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் எழுத்துத் தேர்விலேயே கவிழ்ந்தவள் நான். ஆனாலும் வேலைக்குப் போகும் பெங்களூர் ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும் முதல் வேலையாக அதைத்தான் திறந்தேன்.

பட்டம், இருக்கிறது. உயரம் நூற்றைம்பத்திரண்டு சென்டிமீட்டர், எனக்கு இரண்டு கூடவே இருக்கிறது. திருமணம் ஆகாதவர், அம்மாவைக் கேட்டால் அழுதுகொண்டே சாட்சி சொல்வாள். வயது, 2001 ஜனவரி 2-க்கு முன் பிறந்திருக்கக் கூடாது.

அங்கேதான் இடித்தது. நான் பிறந்தது 2001 செப்டம்பர் 15. என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பது 2000 அக்டோபர் 9. அது என் அண்ணன் ஜாய் பிறந்த நாள். அவன் சான்றிதழில் இருப்பது என்னுடையது. காகிதத்தில் நான்தான் அக்கா.

வீட்டில் இது பழைய வேடிக்கை. பதினொரு மாத இடைவெளிதானே, யாருக்கும் உறுத்தவில்லை. இன்று எனக்கு சிரிப்பு வரவில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள தேதி மட்டுமே செல்லும், ஜாதகம் எல்லாம் செல்லாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். ஜாதகத்துக்கு நான் எங்கே போவேன்? என்னிடம் இருப்பது ஞானஸ்நானச் சான்றிதழ்.

15 டிசம்பர், ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பாவைக் கேட்டேன். எப்படி மாறியது?

ஜாய் பிறந்த சில மாதத்தில் அப்பா வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஞானஸ்நானம் என்றால் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகள் அத்தனைக்கும் பிரியாணி போட வேண்டும். அப்பாவுக்கு வேலை போயிருந்தது. அதனால் தள்ளிப் போட்டார்கள். அதற்குள் நான் வந்துவிட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே பிரியாணி. எங்களைப் போல ஒரே பிரியாணியில் கர்த்தருக்குள் வந்த பிள்ளைகள் எங்கள் சபையில் இன்னும் நாலைந்து வீட்டில் உண்டு.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது இரண்டு சான்றிதழையும் ஒரே கவரில் எடுத்துப் போயிருக்கிறார். இரண்டிலும் மேலே ஒரே ஞானஸ்நானத் தேதி. பெங்களூர் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று முழங்காலில் வைத்தே இரண்டு ஃபாரத்தையும் நிரப்பினாராம்.

"என் கைதாம்மா எழுதிச்சி. அதப் பாத்துதான் எழுதனேன், எப்டி மாறிச்சின்னு தெர்ல" என்றார். பாவம், தட்டில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அபார்ட்மென்ட் வாசலில் இருபது வருடமாக செக்யூரிட்டி உடையில் நின்று எங்களைப் படிக்க வைத்த மனிதர். அவரை எப்படிக் கோபித்துக்கொள்வது? முடியவில்லை.

4 ஜனவரி 2025, சனி

கோர்ட் எதிரே மஞ்சுநாத் வக்கீலைப் பார்த்தேன். கன்னடக்காரர், நம் தமிழ் நன்றாகப் பேசுகிறார். கோர்ட் உத்தரவு வாங்கினால் சான்றிதழைத் திருத்தலாம். விண்ணப்பிப்பதற்கு முன்பே திருத்தியிருக்க வேண்டும். அடுத்த நோட்டிபிகேஷன் மே கடைசியில் வரும். அதற்கு 2001 ஜூலைக்குப் பிறகு பிறந்திருக்க வேண்டும். அதைவிட்டால் அதற்கடுத்ததற்கு 2002 கேட்பார்கள். என் நிஜ வயதுக்கே மே மாதத்து வாய்ப்புதான் கடைசி.

கேஸ் போடலாம் சார் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஸ்வல்ப, கொஞ்சம் யோசன பண்ணும்மா. உன் டேட் மட்டும் மாத்துனா, பேப்பர்ல நீயும் உங்க அண்ணனும் ஒரே நாள்ல பொறந்தவங்க. ஜட்ஜ் கேப்பாரு, ட்வின்ஸான்னு. அவரும் சேந்து கேஸ் போடணும். ரெண்டையும் ஒண்ணாத்தான் மாத்த முடியும்."

ஜாய் நரசாபுரம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். ஆறு இடத்தில் கான்ட்ராக்டில் ஓடி, ஏழாவதாகக் கிடைத்த நிரந்தர வேலை. அதுவும் இன்னும் பிரொபேஷன். மார்ச்சில் கன்ஃபர்ம் ஆக வேண்டும். இந்த நேரத்தில் போய், என் பிறந்த தேதி தப்பு என்று அவன் எழுதிக் கொடுத்தால்?

5 ஜனவரி

ஜாயிடம் சொல்லப்போவதில்லை. முடிவு.

9 ஜனவரி, வியாழன்

அப்பா சொல்லிவிட்டார். அவர் வாயில் எதுதான் தங்கியது!

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவன் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "இன்னாடி, வக்கீல்கிட்ட போய்ட்டு வந்தியாமே. என்னுது உங்கிட்ட கீது, உன்னுது எங்கிட்ட கீது. மாத்திக்கினா முடிஞ்சிது. இதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற?"

"ஒனக்குப் புரியுதா இல்லியா? பிரொபேஷன்ல கீற. கன்ஃபர்ம் பண்ணாம வுட்டுட்டா?"

"வுட்டா வேற எடம்."

"ரிட்டயர்மென்ட்டும் பதினோரு மாசம் முன்னாடி வந்துடும்டா!"

"அப்ப வூட்ல படுத்துத் தூங்கறேன். நீ வந்து பென்ஷன்ல பிரியாணி வாங்கிக் குடு."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கத்தினேன். நீ யாரு எனக்கு தியாகம் பண்ண, நான் கேட்டேனா? அவன் நிதானமாக ஷூவைக் கழற்றினான். "தியாகம் கியாகம்லாம் இல்ல. அது ஒன்னுது" என்றான். அம்மா ரசத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். சண்டை அதோடு முடிந்தது.

21 ஜனவரி

கேஸ் போட்டாயிற்று. மனுவில் இரண்டு பெயர்: ஜாய், டீனா. நிஜமான வரிசையில்.

6 மார்ச், வியாழன்

விசாரணை. போதகர் சபைப் பதிவேட்டைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே காத்திருந்தார். வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் எங்கள் இருவர் பெயரும் மேலும் கீழுமாக, பிறந்த தேதியோடு இருந்தன. அப்பா கூண்டில் ஏறி, தப்பு என்னுடையது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே சொன்னார். ஜட்ஜ் அம்மா அவரை உட்காரச் சொன்னார். அந்த அம்மா நன்றாக இருக்க வேண்டும்.

28 மார்ச், வெள்ளி

ஜாயோடு சேர்ந்த பன்னிரண்டு பேரில் பதினொரு பேருக்குக் கன்ஃபர்மேஷன் வந்துவிட்டது. அவனுக்கு வரவில்லை. "ரெகார்ட்ஸ் வெரிஃபிகேஷன்" என்றார்களாம்.

வந்து மிக்ஸி ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறான். விசில் வேறு. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் செய்தது சரியா? என் ஆசைக்கு அவன் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனா? ஆண்டவரே, எனக்கு யூனிஃபார்ம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அவன் வேலையைக் காப்பாற்றும். நிஜமாகத்தான் கேட்கிறேன்.

25 ஏப்ரல், வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. கோடை விடுமுறைக்கு முன்பே கிடைத்ததில் மஞ்சுநாத் சாருக்கே ஆச்சரியம். "ஆய்த்தும்மா, முடிஞ்சிது" என்று கை கொடுத்தார்.

12 ஜூன், வியாழன்

திருத்திய சான்றிதழ்கள் வந்தன. நோட்டிபிகேஷன் வந்து இரண்டு வாரமாகிறது, கடைசி நாளுக்கு இன்னும் ஐந்தே நாள். இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அம்மா ஈரக் கையோடு தொட வந்தாள், மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

ஜாய் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, விண்ணப்பத்தை அனுப்பினேன்.

18 ஜூலை

ஜாய்க்குக் கன்ஃபர்மேஷன் லெட்டர்! நான்கு மாதம் தாமதம். மற்ற பதினொரு பேருக்கும் இவன் ஜூனியர் இப்போது. ஓய்வு பெறும் தேதி 2059 செப்டம்பர் என்று இருந்தது, 2058 அக்டோபர் ஆகிவிட்டது. "ரொம்ப தூரம் கீது, வுடு" என்கிறான். முழங்காலில் நின்று நன்றி சொன்னேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

எழுத்துத் தேர்வு. இந்த முறை பொது அறிவு பயமுறுத்தவில்லை. ஆறு மாதமாக ரயிலில் என்னைக் கேள்வி கேட்டுத் தயார் செய்த பல்லவிக்குத்தான் அந்தப் பெருமை. ஆபீஸ் தோழி, அவளுக்கு இதில் ஒரு லாபமும் இல்லை.

15 செப்டம்பர்

இன்று எனக்கு இருபத்து நான்கு. சர்க்காரும் ஒத்துக்கொள்கிறது.

நவம்பர், தேதி பார்க்கவில்லை

பாஸ்!! நேர்முகத் தேர்வுக்கு பெங்களூர்.

3 பிப்ரவரி 2026, செவ்வாய்

செலக்ஷன் சென்டர். முதல் நாளே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினார்கள். நான் நின்றுவிட்டேன். கயிறு, சுவர், குழுப் பேச்சு எல்லாம் ஒரு மாதிரி போயிற்று. இன்று இன்டர்வியூ. ஒரே ஒரு கர்னல், முன்னால் என் ஃபைல்.

ஊர், வேலை, படிப்பு என்று இதமாகத்தான் ஆரம்பித்தார். பிறகு சான்றிதழை எடுத்தார். இங்கிலீஷில்தான் பேசினோம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"போன ஜூனில் உங்கள் பிறந்த தேதி திருத்தப்பட்டிருக்கிறது. அதே ஜூனில் விண்ணப்பித்திருக்கிறீர்கள். பழைய தேதியில் நீங்கள் இங்கே உட்காரவே முடியாது. திடீரென்று பதினொரு மாதம் இளையவராகிவிட்டீர்கள். நான் என்ன நினைப்பது?"

கோர்ட் உத்தரவு இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவர் முன்னாலேயே இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறார்.

"அதே உத்தரவில் இன்னொருவர் பதினொரு மாதம் மூத்தவரானார், சார். என் அண்ணன்."

முழுக்கச் சொன்னேன். ஒரே ஞாயிற்றுக்கிழமை, இரண்டு ஃபாரம், வராத கன்ஃபர்மேஷன்.

"இதில் அவருக்கு என்ன லாபம்?"

"ஒன்றும் இல்லை, சார். நஷ்டம்தான்."

"பிறகு ஏன் செய்தார்?"

அவன் சொன்னதையே சொன்னேன். "'அது உன்னுடையது' என்றார், சார். என்னுடையதை அவர் வைத்திருந்தார், அவ்வளவுதான்."

கர்னல் ஃபைலை மூடிவிட்டு, தண்ணீருக்குத் தவிக்கும் என் ஊரில் இப்போது நிலைமை எப்படி என்று விசாரித்தார்.

6 பிப்ரவரி, வெள்ளி

கடைசி வரை நின்ற பதினேழு பெண்களில் தேர்வான மூன்று பேரின் எண்களைப் படித்தார்கள். இரண்டாவது என்னுடையது. நாளை முதல் மருத்துவப் பரிசோதனை, அதன் பிறகு தகுதிப் பட்டியல். இன்னும் தாண்ட வேண்டியது இருக்கிறது, தெரியும். ஆனால் இன்றைக்கு இது போதும், தாராளமாகப் போதும்.

முதல் நாள் வாங்கி வைத்த போனை அவர்கள் திருப்பிக் கொடுத்ததும் ஜாயைக் கூப்பிட்டேன். ஷிஃப்டில் இருந்தான், பின்னால் ஒரே மெஷின் சத்தம். "இன்னா? கேக்கல, சத்தமா சொல்லு!" மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டுவிட்டது. அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

பக்கத்தில் யாரோ கன்னடத்தில், என்னப்பா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்கள். சூப்பர்வைசராக இருக்கும்.

"இல்ல சார்" என்றான் ஜாய். "என் தங்கச்சி. பதினோரு மாசம் சின்னவ."