சரவணை வீட்டுக் கொம்பியூற்றர்

சிவமயம்

சரவணை,
19.01.2026

என் அன்புத் தம்பி சயந்தனுக்கு,

பொங்கல் இங்கே ஒரு குறையுமில்லாமல் முடிந்தது. நெடுந்தீவில் நீயும் நிலாந்தியும் சுகமாகப் பொங்கியிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். "அக்காவோட எனக்கு இனிப் பேச்சில்லை" என்று நீ பஸ் கொண்டக்டர் பிரசாந்தனிடம் சொல்லிவிட்டு ஒன்றரை வருடமாகிறது. பேச்சில்லை என்றுதான் சொன்னாய். எழுத்தில்லை என்று சொல்லவில்லை. போன் எடுத்தால் வெட்டிவிடுவாய். கடிதத்தைக் கிழிக்கலாம், ஆனால் கிழிக்க முதல் வாசிப்பாய். உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவளுக்கு அது தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பிரியா கல்யாணம் முடித்து லண்டன் போகும்போது தன் கொம்பியூற்றரை எனக்கு விட்டுவிட்டுப் போனாள். கந்தோரில் முப்பது வருடம் தட்டச்சு அடித்த கை சும்மா இருக்குமா? பென்சன் எடுத்த பிறகும் ஊர்ச் சனத்துக்கு உதவிப்பண விண்ணப்பம், காணிக் கடிதம், பிறப்புப் பதிவுத் திருத்தம் என்று அடித்துக் கொடுக்கிறேன். இப்போது அந்த மெசின் நாளுக்கு நாலுதரம் ஒரு அறிவித்தல் போடுகிறது. இந்த வின்டோஸுக்குப் பாதுகாப்புத் திருத்தம் இனி வராதாம். புது வின்டோஸ் போட இந்த மெசின் காணாதாம். கடையில் விசாரித்தால் புது மெசின் வாங்கச் சொல்கிறார்கள். நல்லாயிருக்கிற சாமானை ஏன் எறியவேண்டும்? விலையில்லாமல் எவரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய இயங்குதளங்கள் இருக்கின்றன, நீ பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அதைத்தான் படிப்பிக்கிறாய் என்று நிலாந்தி முன்பு சொன்னது நினைவு வந்தது. எனக்கு எது தோது என்று எழுது.

அத்தான் சுகம். "அவன் பதில் போடமாட்டான், முத்திரைதான் வீண்" என்கிறார்.

உன் கையெழுத்தைப் பார்த்திருக்கும்
அக்கா சறோஜினிதேவி


நெடுந்தீவு,
27.01.2026

அக்கா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

முதன்முதலாகப் பாவிப்பவர்களுக்குப் பலரும் சொல்பவை உபுண்டு, லினக்ஸ் மின்ற், டெபியன். மூன்றும் திறந்த மூலம். அதாவது, அவற்றை எழுதியிருக்கும் விதத்தை எவரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம். காசு இல்லை. எது தோது என்பது மெசினையும் அதில் செய்யும் வேலையையும் பொறுத்தது. நினைவகம் எவ்வளவு, பிறின்ரர் இருக்கிறதா, பழைய கடிதங்கள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன என்பவற்றை அறியத் தரவும்.

சயந்தன்

அத்தானுக்குச் சீனி இப்போது எவ்வளவில் நிற்கிறது என்பதையும் எழுதவும்.


சரவணை,
05.02.2026

அன்புள்ள தம்பிக்கு,

"அக்கா அவர்களுக்கு" என்று தொடங்கியிருந்தாய். கந்தோரிலிருந்து வந்த கடிதமோ என்று கவரை ஒருதரம் திருப்பிப் பார்த்தேன். போகட்டும். கடைசியில் அத்தானின் சீனியைக் கேட்டாயே, எனக்கு அது போதும். நூற்றெண்பதில் நிற்கிறது. பனங்கட்டியை ஒளித்து வைத்திருக்கிறேன். ஒளித்த இடத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

நினைவகம் நாலு ஜிபி. பிறின்ரர் பழையது, ஆனால் அடிக்கும். கடிதங்கள் எல்லாம் பாமினி எழுத்தில்.

நீ மூன்று பெயரைத் தந்தாய், எதை எடுப்பது என்று சொல்லவில்லை. நான் என்ன செய்ய? மூன்றையும் தனித்தனித் துண்டில் எழுதிச் சுருட்டி, போன வெள்ளிக்கிழமை அம்மாளாச்சி கோவிலில் பூவோடு வைத்து, ஐயரை ஒன்று எடுத்துத் தரச் சொன்னேன். பிரியாவுக்கு இரண்டு சாதகம் பொருந்தி வந்தபோதும் இப்படித்தானே பார்த்தோம். ஐயர் விரித்து வாசித்துவிட்டு, "இதென்ன, டெபியன் எண்டு கிடக்குது. மாப்பிள்ளை வெளிநாடோ?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அங்கே நின்று விளக்கம் சொல்ல என்னால் ஏலாது.

அத்தானுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "சும்மா தாறவன் ஏன் தாறான்? ஏதோ பழுதுச் சாமான்தான்" என்கிறார். அதற்கும் ஒரு பதில் எழுதிவிடு. டெபியனை எப்படிப் போடுவது?

அக்கா


நெடுந்தீவு,
12.02.2026

அக்காவுக்கு,

அம்மாளாச்சியை நான் மறுத்துச் சொல்லவில்லை. டெபியன் உறுதியானது. என் மெசினில் இருப்பதும் அதுதான். ஆனால் முதன்முதலாகப் பாவிக்கிறவருக்கு, அதுவும் பக்கத்தில் கேட்க ஆள் இல்லாதவருக்கு, அதைவிட மின்ற் இலகு என்பது என் எண்ணம். உபுண்டு நல்ல சாமான், உங்கள் நாலு ஜிபி மெசினுக்குக் கொஞ்சம் பாரம்.

இதைச் சீட்டு எடுத்துத் தீர்மானிக்கத் தேவையில்லை. பதியாமலே பாவித்துப் பார்க்கலாம். இரண்டு பென் ட்றைவ் அனுப்புகிறேன். சிவப்பில் அம்மாளாச்சி சொன்னது, நீலத்தில் நான் சொல்வது. பென்னைக் குத்திவிட்டு மெசினைப் போட்டால் அது பென்னிலிருந்தே ஓடும், உள்ளே இருப்பதைத் தொடாது. இரண்டு நாள் இதிலும் இரண்டு நாள் அதிலும் இருந்து, நீங்கள் வழமையாக அடிக்கும் விண்ணப்பம் ஒன்றை அடித்துப் பாருங்கள். பாமினியைக் கொண்டுபோய் வைக்கும் வழியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். பிறின்ரர் அடிக்கிறதா என்றும் பாருங்கள். வடிவைப் பார்த்துத் தெரிவு செய்யவேண்டாம்.

அத்தானுக்குச் சொல்லுங்கள்: எங்கள் தீவுகளில் நல்ல தண்ணீர்க் கிணறு வைத்திருக்கிறவர் படலையைப் பூட்டுவதில்லை. அள்ளுகிற சனமே சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கும். இதுவும் அப்படித்தான். பாவிக்கிறவர்களில் தெரிந்தவர்கள் சேர்ந்து திருத்துகிறார்கள்.

ஒன்றைக் கவனிக்கவும். பிடித்ததைப் பிறகு பதியும்போது மெசினில் உள்ள எல்லாம் அழியும். முக்கியமானவற்றுக்கு முன்கூட்டியே இரண்டு பிரதி எடுக்கவேண்டும். ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பிரதியும் ஒரு பிரதிக்குத்தான் சமம். ஆகவே இரண்டு வீட்டில் வைக்கவேண்டும்.

பென்களைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் பிரசாந்தனிடம் கொடுப்பிக்கிறேன். அத்தான் வங்களாவடியில் நின்று வாங்கிக்கொள்ளட்டும். சந்திக்கு நடந்தால் சீனியும் இறங்கும்.

சயந்தன்


சரவணை,
22.02.2026

அன்புள்ள தம்பிக்கு,

பென் இரண்டும் வந்தது. அத்தான் நடந்துதான் போனார், வரும்போது ஓட்டோவில் வந்தார்.

சிவப்புப் பென்னில் முதல் இரண்டு நாள். துப்புரவாகக் கூட்டிவிட்ட வீடு மாதிரி இருந்தது, ஆனால் எந்தச் சாமான் எங்கே என்று கேட்க வீட்டில் ஆளில்லை. எனக்குத் தெரியாதது அதன் குற்றமில்லை. பிறகு நீலம். கீழ் மூலையை அமத்தினால் எல்லாம் வரிசையாக வந்தது. பிறின்ரரைத் தானே கண்டுபிடித்தது. சின்னத்தங்கம் மாமியின் பழைய காணிக் கடிதத்தைத் திறந்தால் முதலில் இங்கிலிஸ் எழுத்தைக் கொட்டிவிட்டது போலக் கிடந்தது. நீ எழுதித் தந்தபடி பாமினியை வைத்தேன், தமிழாகிவிட்டது. மாமி பக்கத்துக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "உதுக்கும் எங்கட பாசை தெரியுது" என்றார். ஆகவே நீலம்தான். அம்மாளாச்சிக்கு ஒரு கற்பூரம் கொளுத்திச் சொல்லிவிட்டேன். தெரிவு செய்தது நானே, வேலை செய்து பார்த்துத் தெரிவு செய்தேன் என்பதில் எனக்கு ஒரு சந்தோசம்.

முக்கியமானதைப் பிரதி எடுக்கச் சொன்னாய். விண்ணப்பங்களைவிட எனக்கு முக்கியம் பிரியாவின் கல்யாணப் படங்கள், நானூற்றுப் பன்னிரண்டு. இரண்டு வீட்டில் வைக்கச் சொன்னாய். இந்த வீட்டைவிட்டால் எனக்கு வேறெந்த வீடு இருக்கிறது? ஒரு பிரதி என் அலுமாரியில். மற்றது இந்தக் கடிதத்தோடு வருகிறது. நீ திறந்து பார்க்கவேண்டும் என்றில்லை. வைத்திருந்தால் போதும்.

உன் அக்கா


நெடுந்தீவு,
01.03.2026

அக்காவுக்கு,

பதியும் முறையைப் படிப்படியாகத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். நடுவில், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பதிவதா என்று கேட்கும். ஓம் என்று கொடுக்கலாம். படங்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

பிரதி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன். அதற்கு நாலைந்து படம் பார்த்தால் காணும். நான் நானூற்றுப் பன்னிரண்டையும் பார்த்தேன். பாலறுகு வைக்கும்போது, கூறைச் சீலை கொடுக்கும்போது, தாலி கட்டும்போது, நீங்கள் ஒன்றிலும் கமராவைப் பார்க்கவில்லை. பிரியாவைக்கூடப் பார்க்கவில்லை. படலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். தாய்மாமன் உடைக்கவேண்டிய தேங்காயை ஐயர் உடைக்கிறார்.

என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றீர்கள் என்றால் ஏன் அக்கா அப்படிச் செய்தீர்கள்? ஒன்றரை வருடமாக மனதில் கிடப்பதை எழுதிவிடுகிறேன். ஊரெல்லாம் வீடு வீடாக நேரில் போய்க் கல்யாணம் சொன்னீர்கள். எனக்குப் பிரசாந்தன் கையில் ஒரு பார்சல் வந்தது. நெடுந்தீவில் கொடுக்கும்படி பதினொரு கார்ட், ஒவ்வொன்றிலும் திரு திருமதி என்று பெயர். பன்னிரண்டாவதில் பெயரே இல்லை. அதுதான் எனக்கு. மிச்சம் விழுந்த கார்ட். பதினொன்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கல்யாணத்தன்று நிலாந்தி சீலை உடுத்துக்கொண்டு நின்று, "இஞ்சாருங்கோ, போவம்" என்று எத்தனையோ தரம் கேட்டாள். எனக்குக் கால் எழவில்லை.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதிவிட்டேன்.

சயந்தன்


சரவணை,
09.03.2026

என் அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினேன். பாதியில் முடியாமல் அவரிடமே கொடுத்துவிட்டேன்.

நான் ஆர் ஆருக்கு நேரில் போய்ச் சொன்னேன் தம்பி? வெளியாட்களுக்கு. அத்தானுக்கு நான் கார்ட் கொடுக்கவில்லை. எனக்கு நானே கொடுத்துக்கொள்ளவில்லை. உனக்கும் அப்படித்தான். நீ கல்யாணம் சொல்லப் போகிறவன், சொல்லப்படுகிறவன் இல்லை. அதனால்தான் அந்தப் பதினொன்றையும் உன் கைக்கு அனுப்பினேன், நெடுந்தீவுப் பக்கத்தை நீ பார்த்துக்கொள்வாய் என்று. பன்னிரண்டாவது, கார்ட் எப்படி வந்திருக்கிறது என்று நீ பார்க்க வைத்தது. அதில் உன் பெயரை எழுதப் பேனையை எடுத்தேன். திரு திருமதி சயந்தன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. நீ ஆரோ மாதிரி. பேனையை வைத்துவிட்டேன்.

"கார்ட் கிடைச்சதோ?" என்று போனில் கேட்டேன். "ஓம், கிடைச்சது" என்றாய். கோபம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தச் சோளகக் காற்றிலும் படகேறி வந்திருப்பேன். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீ என் தம்பி, நிலாந்தி வேறு வீட்டுப் பிள்ளை. அவளையாவது நான் நேரில் வந்து கூப்பிட்டிருக்கவேண்டும். அது என் பிழை. அவளிடம் சொல்லு.

இனிக் கொம்பியூற்றர் விஷயம். நீ எழுதியபடி ஒவ்வொன்றாகச் செய்தேன். அழிக்கவா என்று கேட்டது, ஓம் என்றேன். முடிந்தது என்றும் சொன்னது. பென்னை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் திரை கறுத்துப்போய் நிற்கிறது. ஒரு எழுத்தும் வருகுதில்லை. மூன்று நாளாக இதே கதை. விண்ணப்பத்துக்கு வருகிற சனம் திரும்பிப் போகிறது. இது கடிதத்தில் தீருகிற வேலையில்லை என்று அத்தானும் சொல்கிறார். விஷயம் தெரிந்த ஒருவர் நேரில் வந்து பார்க்கவேண்டும். எனக்கு விஷயம் தெரிந்த வேறு ஆளில்லை.

படலையைப் பார்த்தபடி
உன் அக்கா


நெடுந்தீவு,
14.03.2026

என் அன்பான அக்காவுக்கு,

கடிதத்தைத் தபாற்காரரிடம் வாங்கிய இடத்தில் நின்றே வாசித்தேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். பிறகு நிலாந்தி வாங்கி வாசித்துவிட்டு, "உங்களுக்கு வேணும்" என்றாள். நீங்கள் அவளைப் பற்றி எழுதிய இடத்தை இரண்டாந்தரமும் வாசித்தாள். சொல்லப் போகிறவன் நான் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை அக்கா. ஒரு பெயருக்காகப் பிள்ளையின் கல்யாணத்தைத் தவறவிட்டேன். அதற்கு ஈடு செய்ய என்னால் ஏலாது. நேற்று லண்டனுக்குப் போன் எடுத்துப் பிரியாவிடம் அதைச் சொன்னேன். "இப்பதானோ மாமா உங்களுக்கு விடிஞ்சது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் அழுதாள்.

கறுத்த திரைக்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று ஒரு முழுப் பக்கம் எழுதினேன். எழுதி முடித்துவிட்டு உங்கள் கடிதத்தை இன்னொருதரம் எடுத்துப் பார்த்தேன். இதுவரை வந்த மூன்று கடிதமும் உங்கள் கையெழுத்து. இது அச்சு. பாமினியும் இல்லை. நீலப் பென்னில் இருப்பதைப் பதிந்தால் அதோடு வருகிற தமிழ் எழுத்து. ஒரு எழுத்தும் வராத மெசினிலிருந்து இரண்டு பக்கம், ஒரு பிழை இல்லாமல், இரண்டு ஓரமும் நேராக வந்திருக்கிறது. முப்பது வருடம் தட்டச்சு அடித்தவர் மறந்துபோய் அடித்தாரா, தெரிந்தே அடித்தாரா என்று நான் கேட்கப்போவதில்லை. நிலாந்தியிடமும் கேட்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன். இது பாரதூரமான பழுது, நேரில்தான் பார்க்கவேண்டும். இருபத்தோராம் திகதி சனிக்கிழமை காலைப் படகில் நானும் நிலாந்தியும் வருகிறோம். இரண்டு மூன்று நாள் நின்று பார்க்கவேண்டி வரும். அதுவரைக்கும் ஒருவரும் அதைத் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி
சயந்தன்