அப்பாவின் கடைவாய்ப் பல்லும் செவ்வந்தியின் சம்பந்தமும்

நைனார்பாளையம்,
25.2.1993

அன்பு மகள் ரங்கம்மாளுக்கு அம்மா ஜெயம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை செவ்வந்தியும் சுகம். உங்கப்பாவும் இப்போது சுகம். புனாவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். கடிதம் போட ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எழுதுகிற நிலைமையில் வீடு இல்லை. கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று பிழைத்தது. ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டது, களை எடுக்கிற வேலை இனிமேல் கிடையாது, கரும்பு வெட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

செவ்வந்தியைப் பெண் பார்க்க வருவதாக எழுதியிருந்தேனே, என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். அதைச் சொல்ல வேண்டுமென்றால் உங்கப்பாவின் பல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். பொங்கல் கழித்து மேஸ்திரியோடு வெள்ளிமலைக்கு மரவள்ளி பிடுங்கப் போனார். அங்கே கொட்டகையில் தங்கி வேலை செய்யும்போது இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்திருக்கிறது. புகையிலையை வைத்து அடைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். ஆள் நின்றால் மேஸ்திரி வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார் என்ற பயம். மலைக்காரப் பெண் ஒருத்தி பார்த்துப் பரிதாபப்பட்டு, கண்டங்கத்திரிக் காயைக் காயவைத்து நெருப்பில் போட்டு அந்தப் புகையை வாயில் பிடிக்கச் சொன்னாளாம். ஒரு நாள் தணிந்தது, மறுநாள் இரண்டு பங்காக வந்தது. வேலை முடிந்து மரவள்ளி லாரியில் மூட்டைமேல் உட்கார்ந்து வந்து இறங்கினார். தாடையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். யாரோ என்று நினைத்து நான் உள்ளே போய்விட்டேன். பிறகு இருமினார், அதை வைத்துத்தான் தெரிந்தது.

வீட்டில் எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்தேன். கிராம்பு, உப்புத் தண்ணீர், கொய்யா இலைக் கஷாயம். எருக்கம் பால் வைக்கச் சொன்னார்கள், வாய் புண்ணாகும் என்று நான் விடவில்லை. பெட்டிக் கடையில் வலி மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் விழுங்கி விழுங்கி வயிறும் எரிய ஆரம்பித்தது. சோறு இறங்கவில்லை, கஞ்சியை ஒரு பக்கமாகச் சாய்த்து ஊற்றிக்கொள்வார். சேவல் கூவினால்கூட பல்லில் தெறிக்கிறது என்று கையால் காட்டுவார். கள்ளக்குறிச்சியில் பல் டாக்டர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். படம் எடுக்க வேண்டும், வேரைச் சுத்தம் செய்ய வேண்டும், நாலைந்து தடவை வர வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தொகையையும் சொன்னார். உங்கப்பா செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டார். அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம், காசு கேட்க மாட்டார்கள் என்று கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று அவருக்கு எவனோ சொல்லி வைத்திருக்கிறான். கண் போய்விட்டால் கூலிக்கு எவன் கூப்பிடுவான் என்று பஸ்ஸில் வரும்போது முனகிக்கொண்டே வந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் தியாகதுருகத்துக்காரர்கள் வருகிற நாள் வந்தது. மாப்பிள்ளைப் பையன் பெயர் மாயவன், வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறான். அவன் அம்மா இருசம்மாள் புருஷன் இல்லாதவள், கள்ளக்குறிச்சி சந்தையில் காய்கறி விற்கிறாள். பையனுக்குத் தாய்மாமன் கண்ணாயிரம், அவர்தான் பெரிய மனிதராக நின்று பேசுகிறவர். நாளைத் தள்ளிப் போடலாமா என்று உங்கப்பாவைக் கேட்டேன். போன வருஷம் வந்த இடம் நாள் தள்ளிப் போய்த்தானே விட்டுப் போயிற்று, வேண்டாம் என்று முனகிக்கொண்டே கையை ஆட்டினார். கன்னம் அன்றைக்கு வீங்கித்தான் இருந்தது. விருந்தாளி முன்னால் அழகாக இருக்காது என்று துண்டை அவிழ்த்துவிட்டு, வீங்கின பக்கத்தைச் சுவர்ப்பக்கம் வைத்து உட்கார்ந்துகொண்டார். வாயே திறக்கவில்லை. வந்தவர்களை வாங்க என்று நான்தான் சொன்னேன். அவர்கள் முகம் அப்போதே கொஞ்சம் சுருங்கியது.

பெண்ணைப் பார்த்தாயிற்று, பிடித்துவிட்டது. வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துக் கண்ணாயிரம் சபையில் கேட்டார், பொண்ண எங்க வூட்டுக்குக் குடுக்க சம்மதந்தானா என்று. மூன்று தடவை கேட்பது முறை, உனக்குத் தெரியும். முதல் தடவை உங்கப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. மூன்றாம் தடவை கேட்கும்போது வலி சுரீரென்று ஏறியிருக்கிறது, கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டினார். பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது மாட்டேன் என்றுதான் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற செவ்வந்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணாயிரம் எழுந்து, இன்னாய்யா இது, வரச் சொல்லிட்டு நாலு பேரு முன்னால மூஞ்சில அடிக்கிறீங்களா என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். எல்லோரும் ஜீப்பில் ஏறப் போனார்கள்.

நான் தெருவுக்கு ஓடினேன். அவருக்குப் பல்லு வலிங்க, ரொம்ப நாளா பேச முடியலங்க என்றேன். பல்லு வலின்னா சம்மதம்னு ஒரு வார்த்த சொல்ல முடியாதா என்றார் கண்ணாயிரம். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் இருசம்மாள் ஜீப்பில் வைத்த காலை எடுத்துவிட்டாள். நேராக உள்ளே வந்தாள். உங்கப்பா முகத்தைத் தன் பக்கம் திருப்பி, வாயத் தொறங்கண்ணே என்றாள். ஒரு விரல் நுழைகிற அளவுக்குக்கூடத் திறக்க முடியவில்லை. கன்னத்தில் கையை வைத்தவள் சட்டென்று எடுத்துவிட்டாள், அவ்வளவு கொதி. அண்ணே என்று தன் தம்பி கண்ணாயிரத்தைக் கத்திக் கூப்பிட்டாள் பார், அவளுக்கே முறை மறந்துவிட்டது. எங்க வூட்டுக்காரரு இப்டித்தான் வாயக் கட்டிக்கினு குந்திக்கினு இருந்தாரு, வீக்கம் கழுத்துக்கு எறங்கி மூச்சு அடச்சிப் போச்சு, நானும் பல்லு வலிதானேன்னு வெத்தல சாறு தடவிக்கினு இருந்தேன், சம்மதமாவது ஒண்ணாவது, மொதல்ல வண்டில ஏத்துங்க என்றாள். பெண் பார்க்க வந்த ஜீப்பிலேயே உங்கப்பாவை ஏற்றிக்கொண்டு போனோம். செவ்வந்தியும் கட்டியிருந்த பட்டோடு ஏறிக்கொண்டாள். வரமாட்டேன் என்று உங்கப்பா தூணைப் பிடித்தது வேறு கதை, மாயவன்தான் கையைப் பிரித்துத் தூக்கினான்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்த உடனே படுக்கையில் போட்டுவிட்டார்கள். உள்பக்கம் கீறிச் சீழை எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கழுத்தை அடைத்திருக்கும் என்று அந்த அம்மா என்னைத்தான் திட்டினார். வீக்கம் வடிந்த பிறகு இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள். கண் நன்றாகத்தான் தெரிகிறது, ஊசியில் நூல் கோத்துக் காட்டினார். ஆஸ்பத்திரியில் இருந்தவரைக்கும் இருசம்மாள் சந்தைக்குப் போகிற வழியில் தூக்குவாளியில் நொய்க் கஞ்சி கொண்டு வந்து கொடுத்தாள். பல் பிடுங்கிய அன்றைக்கும் வந்தாள். பஞ்சை வைத்துக் கடித்துக்கொள், வாயைத் திறக்காதே என்று நர்சு சொல்லிவிட்டுப் போயிருந்தது. அவளைப் பார்த்ததும் உங்கப்பா பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, பொண்ண ஒங்க வூட்டுக்குக் குடுக்க எனக்குச் சம்மதம் என்றார். சம்மதம், சம்மதம் என்று மூன்று தடவை சொன்னார். தாடையில் ரத்தம் வழிந்தது. போதும்ணே, ஒரு வாட்டி சொன்னா பத்தாதா என்று அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். நர்சு வந்து இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டியது. நான் தூக்குவாளியைக் கழுவக் குழாயடிக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு செவ்வந்தியைத் தனியாகக் கேட்டேன், எல்லோரும் அப்பா சம்மதத்தையே கேட்டார்கள், உனக்கு எப்படி என்று. அன்னிக்கு அப்பாவுக்கு வலிக்கக் கூடாதுன்னு ஒவ்வொரு பள்ளத்துலயும் அவரு வண்டிய நிறுத்தி நிறுத்தி ஓட்டினாரும்மா என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கண்ணாயிரமும் வந்து பேசிவிட்டுப் போனார், மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. வைகாசியில் கல்யாணம். உன் வீட்டுக்காரரை இப்போதே அங்கே லீவு கேட்டு வைக்கச் சொல். குழந்தைக்கு வெயில் நேரத்தில் எண்ணெய் தேய்க்காதே.

போன கடிதத்தில் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடுகிறேன் என்று விளையாட்டாக எழுதியிருந்தாய். விளையாட்டு இல்லை. நீயும் உங்கப்பா மகள்தானே, கிராம்பை வைத்துக்கொண்டு நாளைக் கடத்துவாய். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே அங்கே உள்ள தர்மாஸ்பத்திரிக்குப் போ. ஒரு நாள் கூலி போனால் போகட்டும். பாஷை தெரியாதே என்று தயங்காதே. வாயைத் திறந்து காட்டு, போதும்.

பதினாறும் பெற்று நல்லபடியாக இருங்கள். போய் வந்தேன் என்று ஒரு வரி எழுதிப் போடு.

உன் அம்மா,
கொ. ஜெயம்மாள்