மரம் எடுக்கிற வரைக்கும்

நவம்பர் 29, சனி

விசா வந்துவிட்டது. வீட்டுக்காரர் மனோஜும் மகள் தர்ஷினியும் டிசம்பர் 19 இங்கே வந்து இறங்குகிறார்கள். இரண்டு வருஷம் வீடியோவில் மட்டும் பார்த்த பிள்ளையை நேரில் தூக்கப் போகிறேன். ஆறு வயசாகிவிட்டது, தூக்க முடியுமா என்பது வேறு விஷயம்.

மதுரையில் நாத்தனார் ஸ்வர்ணா வீட்டில்தான் வளர்ந்தாள். அத்தையை விட்டு வரமாட்டேன் என்று ஒரே அழுகையாம். மனோஜ் அவர் பாணியில் சமாளித்திருக்கிறார். "அங்க கிறிஸ்துமஸ் மரம் இருக்கும், பனி கொட்டும்னு சொல்லிட்டேன். நீதான ஜூலைல போட்டோ அனுப்பின?"

அனுப்பினேன்தான். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஜூலைக் குளிரில் ஒரு கிறிஸ்துமஸ் வைப்பார்கள். ஹீட்டர், மடியில் கம்பளி, சூடாகப் புட்டிங், மரத்தில் பஞ்சு. ஆனால் டிசம்பரில் ஆக்லாந்தில் வெயில் மண்டையைப் பிளக்கும் என்று இந்த மனுஷனிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! பனிக்கு எங்கே போவேன்? மரமாவது வாங்கணும்.

டிசம்பர் 6, சனி

ஒனிஹங்கா கடைகளில் பார்த்தேன். பிளாஸ்டிக்கில் நல்ல மரத்துக்குச் சொல்கிற விலையில் கும்பிடு போட்டுவிட்டு வரலாம். மலிவு மரம் பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி நிற்கிறது.

சறோஜா அக்காவிடம் சொன்னேன். மன்னார்க்காரர். மவுண்ட் ரோஸ்கிலில் அவர் வீட்டுப் பின்பக்கத்து இரண்டு அறைதான் என் குடித்தனம். "உண்மை மரமா வாங்கு பிள்ளை. ஊரில நாங்கள் சவுக்கங்கொப்பை வெட்டித்தான் வைப்பம். கோணல்மாணலா கிடக்கிறதைக் கேள், குறைச்சுத் தருவாங்கள்" என்றார்.

டிசம்பர் 13, சனி

வாங்கியாச்சு. ஒரு சர்ச் மைதானத்தில் பைன் மரங்களை வெட்டிக்கொண்டு வந்து விற்றார்கள். ஓரமாக ஒன்று சாய்ந்து கிடந்தது, ஒரு பக்கம் கிளையே இல்லை. பாதிக்குப் பாதி கேட்டேன். விற்கிற பெண் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டாள்.

பஸ்காரர் மரத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டிக் கதவைச் சாத்திவிட்டார். சறோஜா அக்காவின் கணவர் பீற்றர் அண்ணன்தான் வேனோடு வந்தார். "என்ன தங்கச்சி, அரை மரத்துக்கோ காசு குடுத்தனீர்?"

மொட்டைப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, வாளியில் தண்ணீர் ஊற்றி நிறுத்தியிருக்கிறோம். முன்னால் நின்று பார்த்தால் ராஜா மாதிரிதான் இருக்கிறது.

டிசம்பர் 16

வெட்டின மரம் இவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று யாரும் சொல்லவில்லையே.

டிசம்பர் 19, வெள்ளி

வந்துவிட்டார்கள். ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, கையுறை — ஏர்போர்ட்டே திரும்பிப் பார்த்தது. கை நீட்டினேன். அவள் அப்பா முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். "வணக்கம் சொல்லும்மா" என்றார் மனோஜ். பெத்தவளுக்கு வணக்கம்! அதையும் சொன்னாள்.

வெளியே வந்ததும் அவரிடம்தான் கேட்டாள். "பனி எங்கப்பா?"

வீட்டில் மரத்தைச் சுற்றி வந்து, இடுக்கில் எட்டிப் பார்த்து, "பின்னாடி ஒண்ணுமே இல்ல" என்றாள். சரியான பரிசோதகர்.

டிசம்பர் 20, சனி

அத்தைகிட்டப் போகணும் என்று காலையிலிருந்து அழுகை. நான் ஊட்டினால் வாய் திறக்கவில்லை, மனோஜ் ஊட்டினால் சாப்பிடுகிறாள். அப்புறம் அவர் சொன்னது காதில் விழுந்தது. "இந்த மரத்த எடுக்கிற வரைக்கும் இரு. எடுத்ததும் அத்தைகிட்டப் போயிரலாம்."

சமையலறையில் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஏன் இப்படிப் பொய் சொல்றீங்க? "அதுக்குள்ள மறந்துருவா" என்கிறார். மறப்பாளா? என் மகள்!

பத்து நிமிஷத்தில் என்னிடம் வந்தாள், தானாக, முதல் தடவை. "நீங்க எப்ப மரத்த எடுப்பீங்க?"

ஜனவரி ஆறாம் தேதி மூன்று இராசாக்கள் திருநாள் வரைக்கும் வைத்திருப்பது வழக்கம் என்று சறோஜா அக்கா சொல்லியிருந்தார். அதையே சொன்னேன்.

டிசம்பர் 21

"எப்ப எடுப்பீங்க?" காலையில், மத்தியானம், படுக்கும்போது.

டிசம்பர் 23, செவ்வாய்

வேலை முடிந்து வந்தால், மரத்தடியில் சூட்கேஸ்களைப் படியாக அடுக்கி என் கல்யாணப் பட்டுப் புடவையை விரித்திருக்கிறாள். உச்சியில் பிள்ளையார். கீழே சறோஜா அக்கா தன் கிறிஸ்துமஸ் குடிலிலிருந்து கொடுத்த ஆட்டுக்குட்டி பொம்மை, மனோஜ் வாங்கித் தந்த பஞ்சு கிவிப் பறவை, என் பல்பொடி டப்பா. கொலு!

புடவை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அத்தை வீட்டுல ஒம்பது படி" என்றாள், மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு. "சுண்டல் வேணும்" என்று அடுத்த உத்தரவு. டின் கடலையைத் தாளித்தேன். ஒரு வாய் சாப்பிட்டு, உப்பு பத்தலை என்றாள். ஆனால் சாப்பிட்டாள்.

டிசம்பர் 25, வியாழன்

சர்ச்சில் பூசை முடிந்து சறோஜா அக்காவும் பீற்றர் அண்ணனும் கேக்கோடு வந்தார்கள். கொலு பார்க்க வந்தால் பாடணும் என்று இவள் வழி விடவில்லை. "ஓம் ஓம், பாடுறன்" என்று அண்ணன் பாலன் பிறப்புப் பாட்டு ஒன்றை எடுத்தார். கட்டைக்குரல், பாதியில் சுருதி வேறெங்கோ போய்விட்டது. தர்ஷினி விழுந்து விழுந்து சிரித்தாள்.

வந்ததிலிருந்து இதுதான் முதல் சிரிப்பு. அதுவும் பீற்றர் அண்ணனுக்கு. பொறாமையாக இருந்தது.

டிசம்பர் 30

மரம் கொட்டுகிறது. தொட்டாலே ஊசி ஊசியாக உதிர்கிறது. வாளித் தண்ணீரில் சர்க்கரை கலந்தேன், வெயில் படாமல் திரையை இழுத்து விட்டேன். "ஐ.சி.யு.வுல வச்சிருக்கியா?" என்று மனோஜுக்குச் சிரிப்பு. இது காய்ந்தால் பிள்ளை மூட்டை கட்டுவாள் என்கிற பயம் எனக்கல்லவா!

நான் பெருக்கும்போது முறத்தைப் பிடித்தாள்.

ஜனவரி 6, செவ்வாய்

எடுக்கவில்லை. பீற்றர் அண்ணனுக்கு வேலையாம் என்று சொன்னேன். அவருக்கு வேலை ஒன்றும் இல்லை.

ஜனவரி 8

இப்படி எத்தனை நாள் பிள்ளையைப் பிடித்து வைப்பாய் கண்மணி என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

ஜனவரி 10, சனி

அண்ணன் நேற்றே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இது இனி நெருப்புப் பிடிக்கும் தங்கச்சி. நாளைக்கு ஏத்துவம்."

நேற்றுச் சாயங்காலமே தர்ஷினியிடம் சொன்னேன். ஆட்டுக்குட்டியை எடுத்துப் படுக்க வைத்தாள். "ஒரு பொம்மைய தூங்க வச்சாத்தான் கொலு முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

இன்று காலை மரம் வேனில் ஏறியது. இவள் புடவையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, படியாக வைத்திருந்த சூட்கேஸில் சின்னதைத் திறந்தாள். கேட்கப் போகிறாள், இதோ கேட்கப் போகிறாள். அவள் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்றி உள்ளே அடுக்கினாள். மூடி ஜிப்பை இழுத்தாள்.

"அம்மா, இந்தப் பெட்டிய மேல வை. கீழ வச்சா எலி கடிக்கும்."

அலமாரி மேல் வைத்தேன். இன்னும் தள்ளி வை என்றாள், தள்ளி வைத்தேன்.

"அடுத்த வருஷத்துக்குப் புது பொம்மை ஒண்ணு வாங்கணும். வருஷா வருஷம் ஒண்ணு வாங்கணும், மறந்துராத."

சரி என்றேன். பசு வேண்டுமாம். பெரிய பசு.