கொடுத்துவிட்ட இருபது தோட்டாக்கள்

மே 11, திங்கள். இக்காஸ்ட், டென்மார்க்

காலையில் தூறல். பத்து மணிக்குப் பிறகு வெயில். மேல்காற்று, பலமில்லை.

செய்ய வேண்டியவை: புல் வெட்டுவது. பிறஷர் குளிசை எடுப்பது. குண்டின் வேகம் அளக்கும் வேகமானிக்குப் புதுப் பற்றரி. தராசு துடைப்பது.

நேற்று மதியம் மகள் சுபாவும் மருமகன் ரஜீவனும் சாப்பிட வந்தார்கள். போகும்போது ரஜீவன், வெற்றுப் பித்தளைக் கோதுகளில் வெடிமருந்தும் குண்டும் வைத்து நான் நிரப்பிய தோட்டா இருபதையும் கொண்டு போனார். 16ஆம் திகதி ஆண் மான் வேட்டைக் காலம் திறக்கிறது. ஸ்கீவப் பக்கம் ஒரு காட்டுத் துண்டில் அவருக்கும் பங்கு உண்டு. கடையில் எத்தனையோ வகை இருக்க, என் கையால் நிரப்பியதைக் கேட்டு வாங்குகிறார். எனக்கு எழுபத்திரண்டு. இந்த வயதில் ஒருவர் நம்மிடம் ஒன்றைக் கேட்பது சின்ன விஷயமில்லை.

என் மனைவி மனோ வழக்கம்போல். "ஊரில வெடிச்சத்தம் கேட்டா இவர்தான் முதல் ஆளாப் பங்கருக்குள்ள. இஞ்ச வந்து தானே வெடி செய்யிறார்." எல்லோரும் சிரித்தோம். மறுக்க ஒன்றுமில்லை. நான் இன்றுவரை ஒரு மிருகத்தையும் சுட்டதில்லை. நிறுப்பதும் அளப்பதும்தான் பிடிக்கும்.

ஒரு சின்ன உறுத்தல். என் ஒழுங்கு: முதலில் ஐந்தைச் சுட்டு வேகம் அளப்பேன், பிறகுதான் கொடுப்பேன். இம்முறை வேகமானியின் பற்றரி முடிந்துவிட்டது. ரஜீவன் வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார். கொடுத்துவிட்டேன். அதே தொகுதியில் ஐந்து மிச்சம். நாளை அளக்கலாம். பழக்கத்துக்காகத்தான்.

மே 12, செவ்வாய்

நல்ல வெளிச்சம். மெல்லிய முகில். அளப்பதற்கு உகந்த நாள்.

சுடுதிடலில் பிரீபன் மட்டும். முன்பு பன்றிப் பண்ணை வைத்திருந்தவர், இப்போது திடலுக்குப் பொறுப்பு. சிவப்புக் கொடி ஏற்றினார். துவக்கின் போல்ட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். அதன் பிறகுதான் முன்னே போனேன். குழல் வாயிலிருந்து மூன்று மீற்றர், நாடாவால் அளந்து வேகமானியை நிறுத்தினேன். திரும்பி வந்து வெறுங்குழலுக்குள்ளால் பார்த்தேன். இலக்கு கருவியின் இரண்டு கண்களுக்கும் நடுவில். கண்ணாடி, காதுமூடி. எனக்கு முன்னால் ஒருவருமில்லை என்று பிரீபன் சத்தமாகச் சொன்னார்.

வர வேண்டியது செக்கனுக்கு 790 மீற்றர் அளவில்.

முதலாவது 829.
இரண்டாவது 833.

நிறுத்திவிட்டேன். வெயில் கண்ணில் விழுந்து கருவி பொய் சொல்கிறது என்று பிரீபனிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கடைத் தோட்டா இருந்தால் இரண்டு சுட்டுப் பார், கருவியை அது சொல்லும் என்றார். இருந்தது. பெட்டியில் போட்ட எண்ணுக்கு ஐந்தாறு மீற்றர்தான் வித்தியாசம்.

ஆகக் கருவி சரி. நான் பிழை.

பிரீபன் என் வெற்றுக் கோதை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தார். நடுவிலுள்ள பிரைமர், ஊசி குத்தி மருந்தைப் பற்றவைக்கும் மூடி, விளிம்பு தெரியாமல் தட்டையாகிக் கிடந்தது. அளவுக்கு மிஞ்சிய அழுத்தம். இந்தக் கோது எங்கே கிடைத்தது என்று கேட்டார். இந்தத் திடலின் வாளியிலிருந்துதான். போன மாதம், எறியப் போகிறார்கள் என்று, பளபளவென்றிருந்த இருபத்தைந்தைப் பொறுக்கி வந்து கழுவினேன். அவை இராணுவக் கோதுகள் என்றார் பிரீபன். சுவர் தடிப்பு, உள்ளிடம் குறைவு. என் பழைய கோதுகளுக்குப் போடும் அதே மருந்தை இவற்றுக்குப் போட்டால் உள்ளே நெருக்கடி.

வீட்டில் ஒரு கோதைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். பழையதைவிட ஒரு கிராமுக்கு மேல் பாரம். நீளத்தை அளந்தவன், மருந்தை நிறுத்தவன், கோதை நிறுக்கவில்லை. யோகட் பேணியையும் கழுவி அடுக்கும் வீடு இது. சும்மா கிடைத்த பித்தளையைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

ரஜீவனிடம் இருபது.

ஐந்து மணிக்கு அழைத்தேன். பதிவுக் குரல் வந்தது. ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். 16க்கு முன் யாரும் சுடப் போவதில்லை. நாளை ஆறுதலாகச் சொல்லலாம். (கோழை. இதை எழுதிவைக்க வேண்டும்.)

மே 13, புதன்

மழை. காலைப் பாண் இறங்கவில்லை. மனோ பார்த்துக்கொண்டே இருந்து, என்ன என்று கேட்டாள். சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. சுபாவுக்குப் போன் எடுத்தாள். சுபா வேலையிடத்திலிருந்து பாதி டேனிஷில் சொன்னது: ரஜீவன் திங்கட்கிழமை பின்னேரமே ஹேர்னிங் திடலுக்குப் போய்த் துவக்குக் குறி பார்த்துவிட்டார். இன்றைக்கும் வேலை முடிய நேரே அங்கேதான்.

மனோ கார்த் திறப்பை என் கையில் வைத்தாள். "போன்ல வேண்டாம். போய் முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."

ஹேர்னிங், ரஜீவன் வேலை செய்யும் தொழிற்சாலையின் கார்த் தரிப்பிடம். 14.50 முதல் 15.35 வரை காத்திருந்தேன். சொல்ல வேண்டியதை மூன்று விதமாக மனதுக்குள் ஒழுங்குபடுத்தினேன். ரஜீவன் வெளியே வந்ததும் மூன்றும் மறந்துபோயின. தோட்டாவைத் தாரும், தம்பி, பிழையாக நிரப்பிவிட்டேன் என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் கையிலிருந்த கார்த் திறப்பைத் திரும்பப் பைக்குள் போட்டார். பிறகு,

"மாமா, திங்கக்கிழமை மூண்டு சுட்டனான். மூண்டுக்கும் போல்ட் இறுகி நிண்டது. உள்ளங்கையால அடிச்சுத்தான் திறந்தன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"துவக்கில ஊத்தை எண்டு நினைச்சன். வீட்ட போய் ரெண்டு மணித்தியாலம் துடைச்சன். உங்கட கணக்குப் பிழைக்கும் எண்டு நினைவே வரேல்லை."

மழையில் அப்படியே நின்றோம். அவருடைய கண்களைப் பார்த்தேன். இரண்டும் இருந்தன. மூன்று முறை அந்த முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் என் பிழை வெடித்திருக்கிறது. இரும்பு தாங்கியிருக்கிறது. எந்தத் தொழிற்சாலையில் யார் வார்த்த இரும்போ, அவர் நன்றாக இருக்கட்டும்.

பதினேழையும் எண்ணித் தந்தார். போகும்போது, "இனிக் கோது பொறுக்காதேங்கோ மாமா. யோகட் பேணியோட நிப்பாட்டுங்கோ."

சிரிக்கத்தான் சொன்னார். கார்க் கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

மே 14, வியாழன். இயேசு விண்ணேற்ற விடுமுறை

வெயில். இனி நிரப்புவதில்லை என்று தீர்மானித்து, கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்பதரைக்கு ரஜீவன் வந்தார். அடுக்கியதைப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து மேசையில் வைத்தார்.

சனிக்கிழமைக்கு எனக்குப் பத்துத் தோட்டா வேண்டும் என்றார். கடையில் வாங்கும் என்றேன். "கடைக்காரன் பிழை விட்டா மழையில வந்து நிப்பானோ?" மனோ குசினியிலிருந்து, "அது சரி" என்றாள்.

செய்தவை:
– மிச்சம் இருபது (ரஜீவனின் 17, என் 3) பிரித்தாயிற்று. மருந்து தோட்டத்து மண்ணில் கொட்டப்பட்டது.
– இராணுவக் கோது 25இல் ரஜீவன் திடலிலேயே விட்ட 3 போக, 22ஐயும் குறட்டால் நசுக்கினேன். இனி யார் கையிலும் அகப்படாது.
– பழைய கோது 15. ஒவ்வொன்றாக நிறுத்தேன். எடையை ரஜீவன் டேனிஷில் உரக்க வாசிக்க, நான் தமிழில் எழுதினேன்.
– மருந்து, தோட்டா நிரப்பும் புத்தகத்தின் கீழ் அளவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே. மேல் எல்லைக்கு நன்றாகக் கீழேயே நிறுத்தினோம்.

பின்னேரம் திடல். கொடி, நாடா, வெறுங்குழல், எல்லாம் முன்போல். ரஜீவன் தன் துவக்குடன் உட்காரப் போனார். முதல் வெடி நான்தான் வைப்பேன் என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலும். பிரீபன் திரும்பிப் பார்த்தார். ரஜீவன் எழும்பி இடம் விட்டார்.

751. 764. 772. 770. 773.

ஒவ்வொரு முறையும் போல்ட் ஒரு விரலுக்கே திறந்தது. மான் சுடச் சட்டம் கேட்கும் ஆற்றலுக்கு இந்த வேகம் தாராளமாகப் போதும். கடைசி மூன்றுக்கும் போட்ட அதே அளவில்தான் மிச்சப் பத்தையும் நிரப்ப வேண்டும்.

பிரீபன் பிளாஸ்கிலிருந்து கோப்பி தந்தார். செவ்வாய்க்கிழமை நீ கருவியைக் குற்றம் சொன்னபோது வீட்டுக்குப் போய்விடுவாயோ என்று பயந்தேன் என்றார். நன்றி சொல்ல முயன்றேன். டேனிஷில் எனக்கு அந்த ஒரு சொல்தான் நன்றாக வரும். நாலைந்து முறை சொல்லியிருப்பேன்.

மே 15, வெள்ளி

பத்தும் நிரப்பி, இரண்டு தரம் நிறுத்து, பெட்டியில் வேகமும் கோதின் வகையும் எழுதினேன். ரஜீவன் நாலு மணிக்கு வந்து கொண்டு போனார். மனோ றோல்ஸ் பொரித்துக் கட்டிக் கொடுத்தாள். புல் இன்னும் வெட்டவில்லை.

மே 16, சனி

விடியப் பனிப்புகார், பிறகு வெளித்தது. ஐந்தரையிலிருந்து போனுக்குப் பக்கத்தில். மனோ தேத்தண்ணி வைத்துவிட்டு, போனை முறைத்துப் பார்த்தால் அடிக்காது என்றாள்.

7.40க்கு ரஜீவன். "மாமா, ஒரு வெடி. போல்ட் லேசாத் திறந்தது. கண், காது, கை எல்லாம் இருக்கு."

கோதை எறிய வேண்டாம், பிரைமரைப் பார்க்க வேண்டும் என்றேன். சட்டைப் பையில் இருக்கிறது என்றார். பிறகு போனை மனோவிடம் கொடுத்துவிட்டேன்.

மான் பட்டதா என்று கேட்க மறந்துபோனேன்.