அம்மா பெயரில் போன என் மாதிரி

அனுப்புநர்:
மா. சந்துரு (வயது 16),
என்.ஆர். மொகல்லா, மைசூர்.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
மைசூர்.

பொருள்: என் வயிற்று அமீபாவுக்காக என் அம்மாவை வேலைநீக்கம் செய்தது – மறுபரிசோதனை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அம்மா மகேஸ்வரி மாணவியர் விடுதி ஒன்றில் சமையல் செய்பவர். கன்னடத்தில் எழுதினால் இன்னும் காரமாக எழுதுவேன். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த அம்மா, தான் படித்துப் பார்த்த பிறகே அனுப்பவேண்டும் என்று சொன்னதாலும், தங்களுக்கும் தமிழ் தெரியும் என்பதாலும் தமிழில் எழுதுகிறேன்.

2. சென்ற மாதம் விடுதியில் நான்கு பேருக்கு வயிற்றுப்போக்கு. சமையல்காரர்கள் மல மாதிரி தர உத்தரவாயிற்று. தங்கள் அலுவலக வராந்தாவில் பெண்கள் டப்பாவும் கையுமாக வரிசையில் நின்றார்கள். ஊழியர் ஒருவர் வடையைக் கடித்துக்கொண்டே ஒவ்வொரு மூடியாகத் திறந்து, பெயரை உரக்கக் கூவிச் சிரித்தார். அம்மா பாதியில் திரும்பிவிட்டார். "செத்தாலும் அந்த ஆம்பளைங்க முன்னாடி நிக்கமாட்டேன்டா" என்றார். மறுநாள் அவர் பெயரெழுதிய டப்பாவில் என்னுடையதை நிரப்பி, அவருக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டு வந்தேன். அதில் பாதி அக்கறை, பாதி குறும்பு.

3. மைக்ராஸ்கோப்பில் அமீபா தெரிந்ததாம். அம்மாவின் வேலை போயிற்று. விடுதி வாசலில் பெண்கள், "அமீபாம்மா வர்றாங்க, மூக்கைப் பொத்துங்கடி!" என்றார்கள். அம்மாவிடமும் தங்கள் அலுவலகத்திலும் நான் உண்மையைச் சொன்னேன். அம்மா அடிக்கவில்லை, நான்கு நாள் பேசவில்லை. தங்கள் இன்ஸ்பெக்டரோ, "மகன் வயித்துல இருந்தா தாய் வயித்துல இருக்காதா? போப்பா" என்றார்.

4. எதிர்வீட்டு ரெபேக்கா அக்கா ஆராய்ச்சி மாணவி. கிருமியின் டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கி அடையாளம் காணும் சோதனையை அவர்கள் ஆய்வகத்தில் செய்கிறார்கள். நோய் தரும் அமீபாவும் சாதுவான அமீபாவும் மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலவே தெரியுமாம். இந்தச் சோதனை பிரித்துக் காட்டிவிடும். எங்கள் இருவர் மாதிரியையும் சோதித்தார்கள். அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை. எனக்கு இருப்பது சாது. அந்த அறிக்கையை இன்ஸ்பெக்டர் இரண்டு விரலால் தள்ளி, "காலேஜ் பசங்க விளையாட்டு" என்றார். டப்பாவை நிரப்பியபோதுகூட எனக்கு அவ்வளவு குமட்டவில்லை ஐயா.

5. திங்கட்கிழமை மதியம் விடுதியில் வேறு சமையல்காரரை நியமிக்கிறார்கள். அதற்குள் அம்மாவிடம் புதிய மாதிரி பெற்று, அதே ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வரும்வரை நியமனத்தை நிறுத்திவைக்க வேண்டுகிறேன். ஏமாற்றியதற்கு எனக்கு என்ன தண்டனை தந்தாலும் ஏற்கிறேன்.

அன்று காலை பத்து மணிக்கு அம்மாவே வருவார். வாங்கிக்கொள்ள ஒரு நர்சும், கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும் ஏற்பாடு செய்யுங்கள் ஐயா.

இடம்: மைசூர்
நாள்: 14.08.1998

தங்கள் பணிவுள்ள,
மா. சந்துரு

இணைப்பு: ஆய்வக அறிக்கை நகல்